லிஸ்பன்: ஏற வண்டி, இறங்கக் கால்

போர்ச்சுகலின் தலைநகருக்கு முதல்முறை போகிறவர்கள் வரைபடத்தை நம்பி ஏமாறுவார்கள். ரோசியு சதுக்கத்தில் நின்று பார்த்தால் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பதினைந்து இருபது நிமிட நடை என்று போனும் சொல்லும். அதில் எத்தனை படிக்கட்டு என்பதைச் சொல்லாது. ஏழு குன்றுகளின் ஊர் என்று பெயர் வாங்கிய இடம் இது. முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மாலையே என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதிதான்: மேட்டுக்கு வண்டியிலோ லிஃப்ட்டிலோ ஏறுங்கள், பள்ளத்துக்கு நடந்து இறங்குங்கள். நாள் திட்டத்தை அப்படி அமைத்துக்கொண்டால் வயதான அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கிளம்பும் முன்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஸ்பெயினையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விசா கேட்கவேண்டும்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், இஸ்தான்புல் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஃபிராங்ஃபர்ட், பாரிஸ் வழியென்றால் அங்கேயே நடந்துவிடும். கைரேகை, முகப்படம் எல்லாம் எல்லையில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டதால் வரிசை நகர நேரமாகும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானம் இருக்கும் மலிவான டிக்கெட்டைப் பார்த்து மயங்கவேண்டாம்; மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஜூலை ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நவம்பருக்குப் பிறகு மழை, மழையில் இந்த ஊர் நடைபாதை சோப்பு போட்டதுபோல் இருக்கும். கறுப்பு வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கோலம்போல் பதித்திருக்கிறார்கள். ரோசியு சதுக்கத்தில் அது அலை அலையாகப் போகும், நின்று பார்த்தால் தரை அசைவதுபோல் இருக்கும். பல தலைமுறைக் கால்கள் தேய்த்த வழவழப்பு வேறு. அதனால் செருப்பு வேண்டாம், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்குங்கள். புது ஷூவை வீட்டைச் சுற்றி ஒரு வாரம் போட்டுப் பழக்கிவிட்டு எடுத்துப்போங்கள்.

எங்கே தங்குவது

பாய்ஷா என்கிற சமதளப் பகுதிதான் எல்லாவற்றுக்கும் நடு. வசதி, ஆனால் வாடகை அதிகம். பச்சை மெட்ரோ பாதையில் அன்ஜோஷ், அரோயோஷ் பக்கம் போனால் வாடகை குறையும், சுரங்க ரயிலில் சில நிமிடத்தில் ஊர் நடுவுக்கு வந்துவிடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அல்ஃபாமாவில் தங்க எல்லோருக்கும் ஆசை வரும். 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய பழைய லிஸ்பன் அங்கேதான் மிச்சமிருக்கிறது. எனக்கும் ஆசை வந்தது. டாக்சி சந்துக்குள் நுழைய முடியாமல் கீழேயே இறக்கிவிட்டது. 23 கிலோ பெட்டியைப் படிக்கட்டு படிக்கட்டாகத் தூக்கினேன். பாதி வழியில் கல்லிடுக்கில் சிக்கி ஒரு சக்கரம் கழன்றது. மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா என் மூச்சிரைப்பைக் கேட்டே இறங்கி வந்திருக்கவேண்டும். ஒரு கொத்தை என் கையில் வைத்து 'ஷாவி' என்றார். சாவி! அப்புறம் வீட்டைச் சுற்றிக் காட்டினார்: ஜனேலா, மேசா, அர்மாரியு, துவால்யா. ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு போர்ச்சுகீசியம் தெரியாது, ஆனாலும் பாதி வீடு புரிந்துவிட்டது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இவர்கள் கப்பலில் வந்து நம் கரையில் இறங்கிய சொற்கள் அவை. ஈழத்துக்காரர்களுக்கு இன்னும் சுலபம். குசினி (சமையலறை) அங்கே குசின்யா. சப்பாத்து (ஷூ) கிட்டத்தட்ட அப்படியே சப்பாத்து. பாய்ஷாவில் செருப்புத் தைப்பவர்களின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, பலகையில் 'சப்பத்தெய்ருஷ்' என்று போட்டிருக்கும்.

ஆகவே அல்ஃபாமா வேண்டுமென்றால் தோளில் மாட்டும் பையோடு போங்கள். விடுதி எதுவானாலும், 13 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 4 யூரோ நகர வரி உண்டு, ஏழு இரவு வரைக்கும். பல இடங்களில் அதை நேரில்தான் கேட்பார்கள். ஏமாற்று வேலை என்று நினைத்து வரவேற்பில் சண்டைபோடவேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்ததும் சிவப்பு மெட்ரோவின் கடைசி நிலையம். அலமேடாவில் இறங்கிப் பச்சைக்கு மாறினால் ரோசியு வரைக்கும் வந்துவிடலாம். காலை ஆறரைக்குத் தொடங்கி இரவு ஒரு மணி வரை ஓடும்.

டிக்கெட் இயந்திரத்தில் 'நவெகான்ட்' என்ற அட்டையை 50 செண்டுக்கு வாங்கவேண்டும். இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ஆளுக்கொரு அட்டை, ஒரே அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தேய்க்க முடியாது. அடுத்தது, அட்டையில் எதைப் போடுவது என்ற கேள்வி. நிறையச் சுற்றும் நாளில் 24 மணி நேரச் சீட்டு லாபம், ஏழு யூரோ சொச்சம். மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும். கொஞ்சமாகச் சுற்றும் நாளில் 'ஜாப்பிங்' முறையில் பணமாக ஏற்றிக்கொள்ளுங்கள், போகப் போகக் கழியும். ஆனால் ஜாப்பிங் பணம் இருக்கும் அட்டையில் 24 மணி நேரச் சீட்டு ஏறாது. ஆளுக்கு இரண்டு அட்டையாக வைத்துக்கொண்டால் தொல்லை விட்டது. டிராமில் ஏறி ஓட்டுநரிடம் டிக்கெட் வாங்கினால் ஒரு பயணத்துக்கே 3 யூரோவுக்கு மேல் போய்விடும்.

முதல் நாள்: பாய்ஷா, கோட்டை, அல்ஃபாமா

தேழு நதியைப் பார்த்துத் திறந்து கிடக்கும் கொமேர்சியு சதுக்கத்தில் தொடங்குங்கள். அதன் பின்னால் பாய்ஷா தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். காரணம் 1755 நவம்பர் 1. புனிதர் எல்லோருக்குமான திருநாள், காலை நேரம், கோயில்கள் நிறையக் கூட்டம். நிலம் நடுங்கியது, ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகள் விழுந்து தீப்பிடித்தது, நதி வழியாகக் கடல் ஏறி வந்தது. பிறகு மன்னரின் அமைச்சர் பொம்பால் பிரபு ஊரைக் கட்டியெழுப்பினார். சுவருக்குள் மரச்சட்டத்தால் கூண்டு வைத்து, நிலம் ஆடினாலும் வீடு விழாதபடி கட்டினார்கள். குலுக்கலைச் சோதிக்க ஒரு மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களைத் தரையதிர நடக்கவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

இனி மேடு. எல்லோரும் 28ஆம் எண் டிராமுக்காக மார்த்தின் மொனீஷ் நிறுத்தத்தில் மணிக்கணக்கில் நிற்பார்கள். நீங்கள் ஃபாங்கெய்ருஷ் தெருவுக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கட்டட வாசல்போல் இருக்கும், உள்ளே நகராட்சியின் இலவச லிஃப்ட். அது மதலேனா தெருவில் விடும். சில அடி நடந்தால் பழைய சந்தைக் கட்டடம் ஒன்று, 'ஷௌங் து லொரெய்ரு', இப்போது வண்டி நிறுத்தும் இடம். அங்கே இரண்டாவது லிஃப்ட், அதுவும் இலவசம். மேலே வெளியே வரும்போது ஓட்டுக்கூரைகளும் நதியும் காலடியில் இருக்கும். கோட்டை வாசலுக்கு மிச்சம் கொஞ்சம்தான் ஏறவேண்டும். அதுவும் முடியாதவர்களுக்கு ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737ஆம் எண் சிற்றுந்து வாசல்வரை போகும்.

சாவ் ஜோர்ஜ் கோட்டை 1147-இல் மூர்கள் எனப்படும் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிகெஷ் பிடித்தது. அரண்மனை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மதில், மயில்கள், காட்சி, அவ்வளவுதான். நுழைவுச்சீட்டு மலிவில்லை. காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கிராசா, செஞ்ஞோரா து மோன்ட் காட்சிமேடைகளுக்குப் போனால் அதே காட்சி இலவசம். கோட்டையே கண்முன் இருக்கும் என்பதால் என் கண்ணுக்கு அதுதான் அழகு.

இறங்கும்போது போர்த்தாஷ் து சோல் மேடையிலிருந்து படிக்கட்டைப் பிடித்து அல்ஃபாமாவுக்குள் போய்விடுங்கள். வரைபடத்தைப் பையில் வையுங்கள். தண்ணீர் ஓடும் பக்கம் நடந்தால் நதிக்கு வந்து சேரலாம், அதுதான் வழி. யார் வீட்டு ஜன்னலையும் நெருக்கத்தில் படமெடுக்காதீர்கள். அங்கே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன.

படி வேண்டாம் என்றால் டிராம் தண்டவாளத்தோடே இறங்கலாம். சே பேராலயம் வரும், அதற்குச் சற்றுக் கீழே அந்தோனியார் கோயில். நாம் 'பதுவை அந்தோனியார்' என்றே சொல்லிப் பழகியவர்கள். உவரியிலும் கச்சத்தீவிலும் கொண்டாடப்படும் அதே புனிதர் பிறந்தது இந்த ஊரில். கோயில் நிற்பது அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில். லிஸ்பன்காரர்களிடம் பதுவை என்று சொன்னால் முகம் கொஞ்சம் மாறும். அவருக்காக ஜூன் 12 இரவு ஊர் முழுக்கத் தெருவில் மத்தி சுடுவார்கள். சின்னத் தொட்டியில் துளசி இனத்துச் செடி ஒன்று, அதில் காகிதப் பூவும் நாலுவரிப் பாட்டும் செருகி விற்பார்கள். அதை மூக்கால் நேரே முகரக்கூடாது. உள்ளங்கையால் தடவிக் கையை முகர்ந்து பார்க்கவேண்டும், இல்லையென்றால் செடி வாடிவிடுமாம். அந்த வாரம் போவதாக இருந்தால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடியுங்கள், இரவில் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

28ஆம் எண் டிராமில் ஏறியே ஆகவேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு முன், அல்லது மறுமுனையான கம்பு து ஒரிக்கிலிருந்து. நெரிசலில் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். ஜேப்படிக்காரர்களுக்கும் பிடித்த வண்டி அது.

பாய்ஷாவிலிருந்து ஷியாடு

மேற்குப் பக்க மேட்டுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. 1902-இல் திறந்த சாந்தா ஜுஷ்தா இரும்பு லிஃப்ட் பார்க்க நன்றாக இருக்கும், ஓடும் நாளில் வரிசை நீளம். பாய்ஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் நுழைந்து நகரும் படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருந்தால், டிக்கெட் வாயிலைத் தொடாமலேயே ஷியாடுவில் வெளியே வரலாம். அங்கிருந்து கார்மு மடத்துக்கு நடந்து போய், லிஃப்ட்டின் மேல்தளப் பாலத்தை மேலிருந்தே பார்க்கலாம். மடம் 1755-இல் கூரை இழந்தது. வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்திலேயே 1732 முதல் நடக்கும் பெர்த்ராண்ட் புத்தகக்கடை.

மஞ்சள் நிறச் சரிவு டிராம்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா சரிவு டிராம் தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். அதன்பின் மற்ற சரிவு டிராம்களையும் சோதனைக்காக நிறுத்தினார்கள். எது ஓடுகிறது என்று போன பிறகு விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி நாள் திட்டம் போடவேண்டாம்.

பெலேம்: திங்கட்கிழமை வேண்டாம்

கைஷ் து சொத்ரே நிலையத்திலிருந்து கஷ்காய்ஷ் ரயிலில் சில நிமிடம், அல்லது 15ஆம் எண் டிராம். இங்கே எல்லாம் சமதளம், முழங்காலுக்கு விடுமுறை. திங்களன்று ஜெரோனிமோஸ் மடாலயத்துக்கும் விடுமுறை என்பதால் வேறு நாள் பாருங்கள். உள்முற்றத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு, இணையத்தில் நேரம் குறித்து வாங்கிவிடுவது நல்லது.

மடாலயத்தோடு ஒட்டிய கோயிலுக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியவர், 1524-இல் கொச்சியில் இறந்தார். அங்கே புதைத்த உடலைப் பிறகு இவர்கள் எடுத்து வந்தார்கள். கல்லறைமேல் கப்பல் செதுக்கியிருக்கிறது, கைகூப்பிப் படுத்திருக்கிறார். மலபார்க் கரையில் அவர் செய்தவற்றைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கூப்பிய கை கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது. இதே ஊரில்தான் 1554-இல் முதன்முதலாகத் தமிழ் அச்சேறியது என்பதையும் சொல்லவேண்டும். ரோமன் எழுத்தில் தமிழ் வார்த்தைகளை வைத்து அச்சடித்த ஒரு சமய நூல் அது. நம் எழுத்துக்கு அச்சுவார்த்தது அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான்.

வெளியே வந்தால் 1837 முதல் முட்டைப் பணியாரம் சுடும் கடை. பணியாரம் என்றது என் வசதிக்கு. மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் மஞ்சள்கரு பாலேடு ஊற்றிச் சுட்டது. வாசலில் நீளும் வரிசை பொட்டலம் வாங்கிப் போகிறவர்களுக்கானது. உள்ளே கூடம் கூடமாக இருக்கைகள் உண்டு, நேரே போய் உட்காருங்கள். பட்டைப்பொடி தூவிச் சூடாகச் சாப்பிடவேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்த ஊரின் இனிப்புகளில் பாதிக்கு மேல் கிடையாது, முன்பே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, காபி, காசு

உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். 'கூவேர்ட்' என்று பெயர், இலவசம் கிடையாது. தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் 'நௌங், ஒப்ரிகாது' என்று சொல்லித் தள்ளிவையுங்கள். தொடாததற்கு யாரும் காசு வாங்கமாட்டார்கள். பெண்கள் 'ஒப்ரிகாதா' என்று சொல்லவேண்டும்.

மதியம் 'பிராத்து து தியா' என்று கரும்பலகையில் எழுதியிருக்கும் சின்னக் கடைக்குள் நுழையுங்கள். அன்றைய சாப்பாடு அது, சூப்போடு நிறைவாக வரும், இரவில் கொடுப்பதைவிட மிகவும் குறைவு. மீன்காரர்களுக்குக் கவலையே இல்லை. உப்பிட்டு உலர்த்திய பகல்யாவ் மீன் நம் கருவாட்டுக்குத் தூரத்து உறவு, ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுத்தான் சமைப்பார்கள். சைவக்காரர்கள் ஜாக்கிரதை. கால்து வேர்தி என்ற பச்சைக்கீரை சூப் சைவம்போலத் தெரியும், அடியில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். 'செங் கார்ன், செங் பெய்ஷ்' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். மூன்றாம் நாள் நாக்கு ஏங்கினால் மார்த்தின் மொனீஷ் பக்கம் பென்ஃபொர்மோசு தெருவுக்குப் போங்கள். வங்காளதேச, இந்திய, நேபாளக் கடைகள் வரிசையாக உண்டு; பருப்பும் சோறும் கிடைக்கும், பச்சைமிளகாயும் கிடைக்கும்.

காபியில் 'பீக்கா' என்பது ஒரு வாய்க் கசப்பு. நம் டிகிரி காபிக்குப் பக்கத்தில் வருவது 'மெய்யா து லெய்ட்'. நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

பணம் எடுக்க 'மல்டிபாங்கு' அடையாளமுள்ள வங்கி இயந்திரத்தைத் தேடுங்கள். சுற்றுலா இடங்களில் கடைச் சுவரில் பதித்த இயந்திரங்கள் சில ரூபாயில் கணக்குப்போட்டுக் காட்டட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், யூரோவிலேயே கழியட்டும். பாய்ஷா தெருக்களில் காதருகே வந்து கஞ்சா வேண்டுமா என்று கிசுகிசுப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் நடந்துவிடுங்கள். பொருள் திருட்டுப் போனால் ரெஷ்தவுராதோரெஷ் சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல் நிலையம் இருக்கிறது. அவசரம் எதுவானாலும் 112.

சிந்த்ரா

லிஸ்பனுக்குப் பக்கத்து மலையூர் இது, ரோசியு நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடம். மஞ்சளும் சிவப்புமாக மலையுச்சியில் நிற்கும் பெனா அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்குங்கள். நிலையத்திலிருந்து 434ஆம் எண் பஸ் மேலே போகும். எட்டு மணி ரயிலைப் பிடித்தால் நிம்மதி, பத்துக்கு மேல் போனால் பஸ் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். லிஸ்பனைவிடக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

ஃபாது கேட்க

அல்ஃபாமாவில் இரவுச் சாப்பாட்டோடு, இந்த ஊரின் ஏக்கப் பாட்டான ஃபாது கேட்கலாம். விளக்கைக் குறைப்பார்கள், பன்னிரண்டு தந்தி கிதார் ஒன்று தொடங்கும். அதற்கப்புறம் பேசக்கூடாது, முள்கரண்டிச் சத்தம்கூடக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம். பெரிய கூடங்களில் ஆளுக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு, உட்காரும் முன் கேளுங்கள். சின்ன மதுக்கடைகளில் 'ஃபாது வாதியு' என்று எழுதியிருந்தால் பாடுவது அக்கம்பக்கத்து ஆட்கள். நான் கேட்ட இரவில் சமையல்கட்டிலிருந்து ஏப்ரனோடு வந்த ஒரு பாட்டி இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே ஓடினார்.

கடைசி மாலை

கைஷ் து சொத்ரேயிலிருந்து கசில்யாஷ் போகும் படகில் ஏறுங்கள். ஜாப்பிங் அட்டையில் மிச்சமிருக்கும் காசு போதும், பத்து நிமிடப் பயணம். அக்கரையில் இறங்கினால் வலதுகைப் பக்கம் நதியோரமாகப் பாழடைந்த கிடங்குகள், சுவரெல்லாம் கிறுக்கல். சற்றுத் தள்ளி 1966-இல் திறந்த சிவப்புப் பாலம் தெரியும். சலாசார் பாலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1974 புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 25 பாலம் ஆகிவிட்டது. நான்கு நாள் நீங்கள் ஏறி இறங்கிய குன்றுகள் எல்லாம் எதிரே ஒரே வரிசையில் தெரியும். வெயில் சாயும்வரை உட்காரலாம். காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் மட்டும் ஒன்று கவனியுங்கள். மலிவு விமானங்கள் பெரும்பாலும் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்பும். மெட்ரோ முதல் முனையத்தில்தான் விடும். அங்கிருந்து இலவசப் பேருந்து. மத்தி டின் வாங்கியிருந்தால் பெரிய பெட்டிக்குள் போடுங்கள், எண்ணெயில் ஊறிய டின்னைக் கைப்பையில் வைத்துச் சோதனைக்காரர்களோடு வாதாட அப்போது நேரம் இருக்காது.